வழியின் கடைசிச் சத்திரம்

திருவேங்கடத்தை நாடிச் செல்வோர் வழியிலே கண்டு தொழும் பழம்பதிகளுள் ஒன்று புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனம். 1911-இல் சித்தூர் மாவட்டம் தோன்றும் வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியிருக்கிறது. ஆகாசராஜன் மகள் பத்மாவதியைத் திருவேங்கடவன் மணம் புரிந்த தலம் அது என்று தலபுராணம் கூறும். கலியாண வேங்கடேசரைத் தொழ வருவோரேயன்றி, சுரைக்காய்ச் சுவாமிகளின் சமாதியில் பிணி தீர வேண்டி நிற்போரையும் அங்கே காணலாம். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இத்தகைய யாத்திரை வழிகளிலே நம் முன்னோர் சத்திரங்களை எழுப்பினர். களைத்து வந்தவனுக்கு நிழலும் நீரும் சோறும் அளிப்பதே அறம் என்று அவர்கள் கருதினர்.

ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் இருந்தது. அங்கே யாத்திரிகர் தங்கிய விடுதிக்கு ‘ஹாஸ்பிஸ்’ என்று பெயர். விருந்தினர், விருந்தோம்புவோர் ஆகிய இருவரையுமே குறித்த ஓர் இலத்தீன் சொல் அதன் வேர். காலப்போக்கில் அப்பெயர், குணப்படுத்த இயலாத நோயுற்றோரைக் கடைசி நாள்களில் பேணும் இல்லத்துக்கு ஆயிற்று. 1879-இல் டப்ளின் நகரில் கிறிஸ்தவக் கன்னியர் அத்தகைய இல்லம் ஒன்றை நிறுவினர். 1967-இல் இலண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயிண்ட் கிறிஸ்டபர் இல்லம் இப்பணியை ஒரு மருத்துவத் துறையாகவே வளர்த்தது.

அவ்வம்மையார் முதலில் செவிலியாகவும், பிறகு மருத்துவமனைச் சமூக ஊழியராகவும் பணிபுரிந்து, அதன் பின்னரே மருத்துவம் கற்றவர். நோயாளியின் வலி உடலோடு நிற்பதன்று என்பது அவர் கண்ட உண்மை. மனத்தின் அச்சம், குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் பற்றிய கலக்கம் ஆகிய யாவும் சேர்ந்ததே ‘முழு வலி’ என்றார். முழு வலியைத் தணிக்க ஒரு டாக்டர் மட்டும் போதாது. ஒரு குழு வேண்டும்.

அக்குழு செய்வது யாது? டாக்டர், வலி மீண்டும் எழும்வரை காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பின் மருந்து கொடுக்க ஏற்பாடு செய்கிறார். செவிலி புண்ணைத் துடைக்கிறார். படுக்கைப் புண் வராதபடி உடலைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறையை வீட்டாருக்குக் கற்பிக்கிறார். நோயாளி எதை அறிய விரும்புகிறாரோ அதை ஆலோசகர் மெல்ல எடுத்துரைக்கிறார். இரவெல்லாம் விழித்திருக்கும் மகளையும் மருமகளையும் குழுவினர் மறப்பதில்லை. அவர்கள் சற்றே உறங்க வழி செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. இறப்புக்குப் பின்னரும் அவ்வீட்டுக்குச் சென்று துயரம் கேட்பது இக்குழுவின் மரபு.

இந்நாட்டில் அன்னை தெரேசா 1952-இல் கல்கத்தாவின் காளிகாட்டில் திக்கற்றோருக்கென ஓர் இல்லம் திறந்தார். 1986-இல் பம்பாயின் பாந்திரா பகுதியில் டாக்டர் லூயி டிசூசா ‘சாந்தி அவேதனா’ இல்லத்தைத் தொடங்கினார். ஆயினும் பெருந்தடை ஒன்று இருந்தது. அபினிப் பயிரை விளைவிக்கும் இந்நாட்டிலேயே, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் நோயாளிக்கு மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, முறைகள் எளிதாக்கப்பட்டன.

இதனிடையே 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தம் தோழர்களுடன் புதுவழி ஒன்று கண்டனர். நோயாளியை இல்லத்துக்குக் கொண்டுவருவதைவிட, குழுவே நோயாளியின் வீட்டுக்குச் செல்வது மேல் என்று உணர்ந்தனர். அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி பெற்றுத் தொண்டர்களாயினர். 2008-இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. தமிழகத்திலும் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோயாளியின் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிப்பது இடம்பெற்றது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இச்செய்தி இருவகையில் உரியது. ஊரிலே பெற்றோர் நோயுற்றிருக்க, பணத்தை அனுப்பிவிட்டு மனம் குமையும் மக்கள் நம்முள் பலர். பணம் செய்ய இயலாததை ஊர்த்தொண்டர் குழு செய்யக்கூடும் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். மற்றொன்று, அயல்நகரிலேயே முதுமை எய்தி நோயுறும் நம்மவர் நிலை. எத்தனை ஆண்டு இந்தியோ மராத்தியோ பேசியிருந்தாலும், ‘குத்துகிறது’, ‘எரிகிறது’, ‘நெஞ்சை அடைக்கிறது’ என்று நோவைச் சொல்லத் தாய்மொழியே நாவில் வருகிறது. அதைக் கேட்டு மருத்துவருக்குப் பெயர்த்துச் சொல்ல ஒருவர் இல்லையேல், நோவில் பாதி சொல்லப்படாமலே போய்விடும்.

டில்லியில் 1996-இல் தோன்றிய ‘கான்சப்போர்ட்’ குழுவினர் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்கின்றனர். பெங்களூரில் 1999-இல் திறக்கப்பெற்ற ‘கருணாசிரயா’ இல்லம் கட்டணமின்றிப் பணிபுரிகிறது. நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, நன்று. அவற்றோடு, தத்தம் நகரில் இத்தகைய குழு எங்கே உள்ளது என்று அறிந்து, வாரத்தில் ஒரு மணி நேரம் நோயாளியின் அருகே அமர்ந்து தமிழில் உரையாடச் சிலரை அனுப்பினால் என்ன? சத்திரம் கட்டப் பொருள் வேண்டும். இதற்கு வேண்டுவதோ பொறுமையும் செவியுமே.