வெயில் காலத்தில் நாய்க்கு மொட்டை போடலாமா? எந்த முடிக்கு எந்த பிரஷ்?

ஏரியூர்:-

தர்மபுரி மாவட்டம் ஏரியூர் பகுதியில் ஒரு காலத்தில் காவலுக்கு நாட்டு நாய், எலிக்கு பூனை. அதோடு சரி. இப்போது பொமரேனியன், லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு எல்லாம் கிராமங்கள் வரை வந்து விட்டது. நாய் வந்த வேகத்துக்கு அதன் முடியை பராமரிக்கும் விவரம் வந்து சேரவில்லை.

இது மாட்டை வைக்கோல் பிரியால் தேய்த்து குளிப்பாட்டி பழகிய ஊர். இந்த பக்கம் அதிகம் உள்ள மேச்சேரி ஆட்டுக்கு குட்டை முடி, கத்தரிக்கும் வேலையே கிடையாது. அதனால் புசுபுசு நாய் வாங்கியவர்கள் கடையில் எடுத்துக் கொடுக்கும் சீப்பை அப்படியே வாங்கிட்டு வந்து விடுகிறார்கள். அது பெரும்பாலும் அந்த நாய்க்கு தேவையில்லாத சாமானாக இருக்கும்.

முதலில் முடியை பாருங்க

கடைக்கு போகும் முன் நாயின் முதுகு முடியை விரலால் பிரித்து பாருங்கள். ஒரே அடுக்காக, தோலோடு ஒட்டிய குட்டை முடியா? மேலே நீளமாகவும் அடியில் பஞ்சு போலவும் இரண்டு அடுக்கா? வெட்டாமல் விட்டால் வளர்ந்து கொண்டே போகும் முடியா? இதில்தான் எல்லாமே இருக்கிறது.

நம்ம நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் குட்டை முடி ஜாதி. (ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். அந்த பெருமை பலருக்கு தெரியாது.) இவைகளுக்கு ரப்பர் பிரஷ் அல்லது கையில் மாட்டும் ரப்பர் உறை ஒன்று போதும். வாரம் ஒருமுறை வட்டமாக தேய்த்தால் உதிர்ந்த முடியும் தூசியும் வந்து விடும். இதற்கு மேல் செலவு செய்வது வீண்.

பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு இரட்டை அடுக்கு. லேப்ரடாருக்கு முடி குட்டைதான், ஆனால் அதுவும் இரட்டை அடுக்கு. வீடு முழுக்க அது முடி கொட்டுவது அதனால்தான். நீள முடிக்கு வளைந்த மெல்லிய கம்பி வைத்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, அகலப்பல் ஸ்டீல் சீப்பு ஒன்று வேண்டும். ஸ்லிக்கரை வாங்கியதும் உங்கள் முன்கையில் ஒரு இழுப்பு இழுத்து பாருங்கள். உங்களுக்கு சுருக்கென்றால் நாய்க்கும் அப்படித்தான். பிரஷ் போட்ட பிறகு அதே இடத்தில் சீப்பை விடுங்கள். தடங்காமல் போனால்தான் வேலை முடிந்தது. மேலாக மட்டும் சீவி விட்டால் அடியில் சடை அப்படியே இருக்கும்.

பிளேடு மாதிரி பல் வைத்த சீப்பும் இப்போது விற்கிறார்கள். ஒரே இழுப்பில் கை நிறைய முடி வருவதால் பலருக்கு ஆசை. இரட்டை முடி நாய்க்கு முடி உதிரும் பருவத்தில் வாரம் ஒருமுறை லேசாக போடலாம். ஒரே இடத்தில் திரும்ப திரும்ப இழுத்தால் நல்ல முடியும் அறுந்து தோல் சிவந்து விடும். நாட்டு நாய்க்கு இது வேண்டவே வேண்டாம்.

மொட்டை வேண்டாம்

பங்குனி, சித்திரை வந்தால் பொமரேனியனை பிடித்து மொட்டை அடிப்பது வழக்கமாகி விட்டது. பாவம் பார்த்து செய்வதுதான், ஆனால் பலன் தலைகீழ். நாய் மனுஷன் மாதிரி உடம்பெல்லாம் வேர்த்து சூட்டை தணிப்பதில்லை. நாக்கை தொங்க விட்டு மூச்சு வாங்கித்தான் தணிக்கும். வேர்வை பாதத்தில் மட்டும்தான் சொல்லும்படி உண்டு. மேல் முடி வெயில் நேராக தோலில் படாமல் தடுக்கிறது. அதை வழித்து விட்டால் தோல் வெந்து போகும். இரட்டை முடி நாய்களுக்கு சில சமயம் முடி பழையபடி வளராமல் திட்டு திட்டாகவே நின்று விடும். வெயிலுக்கு செய்ய வேண்டியது அடியில் செத்துப்போன பஞ்சு முடியை சீவி எடுப்பது, நிழல், தண்ணீர். அவ்வளவுதான்.

ஷிட்சூ, பூடில் மாதிரி முடி வளர்ந்து கொண்டே இருக்கும் நாய்க்கு மட்டும் கத்தரிப்பது அவசியம். அதுவும் ஒட்ட வழிக்க கூடாது. மெஷின் ஓட்டும்போது பிளேடு சூடாகும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி மணிக்கட்டில் வைத்து பார்த்துட்டு பிறகு ஓட்டணும்.

சடை விழுந்தால்

காதுக்கு பின்னால், தொடை இடுக்கு, முன்கால் அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில். இங்கேதான் சடை விழும். மேட்டூர் அணை தண்ணீர் நாகமரை வரை நிற்பதால் நாயை ஆற்றோரம் கூட்டிப்போய் நீந்த விடுபவர்கள் உண்டு. ஈரம் பட்டால் சடை இறுகி கட்டியாகி விடும். அதனால் சீவி முடித்து விட்டுத்தான் தண்ணீரில் விடணும், குளிப்பாட்டவும் செய்யணும். கவனிக்காமல் விட்டால் சடைக்கு அடியில் தோல் புண்ணாகி, மழைக்காலத்தில் ஈ மொய்த்து புழு வைத்து விடும்.

சடையை கத்தரியால் நறுக்குவது ஆபத்து. தோல் சடையோடு சேர்ந்து மேலே எழும்பி இருக்கும், கண்ணுக்கு தெரியாது. தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பை செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டணும். சீப்பு நுழையவில்லை என்றால் கை வைக்காமல் கால்நடை டாக்டரிடம் போய் விடுங்கள்.

உண்ணிக்கு வயல் மருந்தா?

முடி பராமரிப்பில் உயிர் போகும் விஷயம் இதுதான். உண்ணி கடியால் நாய்க்கு உண்ணி காய்ச்சல் வரும். சோறு எடுக்காது, ஈறு வெளுத்துப்போகும், சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து காலத்தில் மருந்து கொடுத்தால் பிழைக்கும்.

இதற்கு நல்ல கருவி சாதாரண பேன் சீப்பு. நாட்டு நாய், பூனைக்கு கச்சிதமாக இருக்கும். சீப்பில் கருப்பு தூள் வந்தால் நனைத்த வெள்ளை காகிதத்தில் தட்டுங்கள். சிவப்பாக கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் கழிவு. உண்ணியை காது மடல், கால் விரல் இடுக்கு, வால் அடியில் தேடணும். இடுக்கியால் தோலை ஒட்டி பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம். எடுத்ததை சோப்பு தண்ணீரில் போட்டு விடலாம். உண்ணி முட்டை வைப்பது நாய் மேல் இல்லை, சுவர் விரிசலிலும் படுக்கிற சாக்கிலும். அங்கேயும் சுத்தம் செய்யாமல் நாயை மட்டும் சீவிக்கொண்டே இருந்தால் அடுத்த மாசம் மறுபடி ஏறும்.

வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை கரைத்து நாய் மேல் ஊற்றவே கூடாது. தோல் வழியாக உடம்பில் இறங்கும், நக்கினால் இன்னும் மோசம். எச்சில் வடிந்து, உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து சாகும். யாராவது தெரியாமல் ஊற்றி விட்டால் கையுறை போட்டு சோப்பு போட்டு நிறைய தண்ணீரில் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை பூனைக்கு போடுவதும் இதே கதைதான். பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு விஷம்.

சீவும்போது நாய் உறுமினால் நிறுத்தி விடுங்கள், சின்ன பசங்களிடம் பிரஷை கொடுக்காதீர்கள். கடித்தாலோ பல் கீறினாலோ 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஊசி போடணும், வீட்டு நாயாக இருந்தாலும் சரி. கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ வண்டியை அழைக்க 1962 என்ற எண்ணில் பேசலாம்.