லினக்ஸ் கணினி அணையாமல் நிற்றல்

லினக்ஸ் கணினி அணையாமல் நிற்றல் என்பது, ஷட்டவுன் கொடுத்த பிறகும் மேசைக் கணினி முழுமையாக அணையாத பழுது. இது மூன்று விதமாகத் தென்படும். திரையில் ஒரு வரி தோன்றி அப்படியே நிற்கும்; திரை கறுத்துவிடும், ஆனால் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும்; அணைந்த மறுநொடி கணினி தானாக எழுந்துகொள்ளும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. கணினி எதற்காகவோ காத்திருக்கிறது, அல்லது மின்சாரத்தை நிறுத்தும் கட்டளை பலிக்கவில்லை, அல்லது ஏதோ ஒன்று அதை எழுப்பிவிடுகிறது. இவற்றில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாட்டில் லினக்ஸ், பொறியாளர்களோடு நின்றுவிட்ட பொருளல்ல. 2007 ஜனவரியில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் முயற்சியில் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ லினக்ஸ் வெளிவந்தது. அதன் உருவாக்கத்தில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. அதே காலத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் மாணவர் கைக்கு வந்தது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் இடம்பெற்றிருக்கிறது.

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், மேலூரைத் தாண்டி வரும் ஒன்றியத் தலைமையிடம் கொட்டாம்பட்டி. இத்தகைய ஊர்களில் கணினி பழுதானால் பெட்டியைப் பேருந்தில் ஏற்றி மேலூருக்கோ மதுரைக்கோ கொண்டுபோவதே வழக்கம். அணையாத கணினிக்கு அந்தப் பயணம் பெரும்பாலும் தேவைப்படாது. பழுதின் பெயரைக் கணினியே பல சமயம் திரையில் எழுதிக் காட்டும். அதைப் படிக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

அணையும்போது நடப்பவை

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் வடிவமைப்பை அறிமுகப்படுத்தும்வரை மின்சாரத்தை நிறுத்தும் கடைசி வேலை மனிதக் கையில் இருந்தது. இனி அணைக்கலாம் என்று திரை சொல்லும். பயனர் சுவிட்சைத் தட்டுவார். ஏடிஎக்ஸ் பவர் சப்ளையும், 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறையும் அந்த வேலையை மென்பொருளிடம் கொடுத்தன. ஏசிபிஐ கணக்கில் அணைந்த நிலைக்கு ‘எஸ்5’ என்று பெயர்.

அந்த நிலைக்குப் போகும் முன் ஒழுங்கான ஒரு வரிசை உண்டு. இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ‘முடித்துக்கொள்’ என்ற செய்தி போகும். அவை கோப்புகளை மூடி விடைபெறும். பின்னர் வட்டுகள் பிரிக்கப்பட்டு, கடைசியாக இயங்குதளத்தின் மையமான கர்னல் தாய்ப்பலகையிடம் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும். இந்த வரிசையை இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் நடத்துவது சிஸ்டம்டி. உபுண்டு 15.04, டெபியன் 8 இரண்டும் 2015 ஏப்ரலில் இதை இயல்பான அமைப்பாக ஏற்று வெளிவந்தன.

சிஸ்டம்டி ஒரு சேவைக்குத் தரும் இயல்பான அவகாசம் 90 விநாடி. அதற்குள் சேவை நிற்காவிட்டால் கேள்வி கேட்காமல் கொன்றுவிடும். அந்தக் காத்திருப்பின்போதுதான் ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்’ என்ற வரியும், பக்கத்தில் ஓடும் விநாடிக் கணக்கும் தெரியும். இது பிழைச் செய்தியல்ல. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்ற அறிவிப்பு. ‘ஃபார்’ என்ற சொல்லை அடுத்து வரும் பெயரைத் தாளில் குறித்துக்கொள்வதே பழுது பார்ப்பதன் முதல் படி.

வழக்கமான காரணங்கள்

வலையிலுள்ள அச்சுப்பொறிகளைத் தேடும் ‘கப்ஸ்-ப்ரவுஸ்டு’ சேவை இதற்குப் பேர்போனது. ஜெராக்ஸ் கடை போல ஒரே அச்சுப்பொறியைக் கம்பியில் இணைத்திருக்கும் இடங்களில் அந்தச் சேவையே தேவையில்லை. நிறுத்திவைத்தால் காத்திருப்பு போய்விடும். ‘யூசர் மேனேஜர் ஃபார் யுஐடி 1000’ என்று வந்தால், கணினியில் முதலில் உருவாக்கிய பயனரின் கணக்கில் ஏதோ ஒரு நிரல் வெளியேறவில்லை என்று பொருள்.

வலைவழிக் கோப்புறைகள் இன்னொரு காரணம். பள்ளி ஆய்வகத்தில் சர்வரை முதலில் அணைத்துவிட்டு மற்றக் கணினிகளை அணைத்தால், அவை இல்லாத சர்வரின் பதிலுக்காகத் தவம் கிடக்கும். இப்படி மாட்டிக்கொண்ட நிரலைக் கொல்லும் கட்டளையும் அசைக்காது. பழுதான ஹார்ட் டிஸ்க்கும் இதே நிலையை உண்டாக்கும். ஆகவே ஆய்வகத்தில் சர்வரைக் கடைசியாக அணைப்பதே முறை.

திரை கறுத்து விசிறி மட்டும் சுற்றினால் வரிசையெல்லாம் முடிந்தும் எஸ்5 கட்டளை பலிக்கவில்லை என்று கொள்ளலாம். பயாஸ் மேம்படுத்தல், புதிய கர்னல், வரைகலை அட்டையின் டிரைவரை மாற்றுதல் ஆகியவை இங்கே பயன்படும். ‘ஹால்ட்’ கட்டளையைப் பயன்படுத்தினாலும் இதே தோற்றம் வரும். அது இயங்குதளத்தை மட்டும் நிறுத்தும். மின்சாரமும் நிற்க ‘பவர்ஆஃப்’ வேண்டும்.

அணைந்ததும் எழும் கணினியை எழுப்புவது பெரும்பாலும் வலை அட்டையோ யுஎஸ்பி கருவியோதான். எழுப்பும் உரிமை பெற்ற கருவிகளின் பட்டியல் ‘ப்ராக்’ கோப்புறைக்குள் ‘ஏசிபிஐ’, அதற்குள் ‘வேக்அப்’ என்ற கோப்பில் இருக்கும். பயாஸில் வலைவழி எழுப்பும் ‘வேக் ஆன் லேன்’ வசதியை அணைத்தால் பல கணினிகள் அடங்கிவிடும்.

கண்டறிதல்

சென்ற முறை என்ன நடந்தது என்பதை ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ கட்டளை காட்டும். அதன் கடைசி 20, 30 வரிகளில் நேர இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் நடுவே 90 விநாடி இடைவெளி இருந்தால் குற்றவாளி அங்கேதான். ‘வார்’ கோப்புறையின் ‘லாக்’ பகுதியில் ‘ஜர்னல்’ என்ற கோப்புறை இல்லாத கணினிகளில் பழைய பதிவுகள் தங்காது. அதை உருவாக்கிவிட்டு மறுபடி சோதிக்கலாம். ‘வாட்ச்டாக் டிட் நாட் ஸ்டாப்’ என்ற வரி பலரை அச்சுறுத்தும். பெரும்பாலும் அது தீங்கற்றது.

அவகாசத்தைக் குறைப்பதும் உண்டு. சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் 90 என்பதை 15 ஆக்கினால் கணினி சீக்கிரம் அணையும். 2023இல் வந்த ஃபெடோரா 38 அவகாசத்தை 45 விநாடியாகக் குறைத்தது. ஆனால் தரவுத்தளம் ஓடும் கணினியில் இப்படி அவசரப்படுத்தினால் எழுதி முடிக்காத தகவல் போய்விடும்.

அவசர நிலையில்

எதற்கும் அசையாத கணினியில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் 2 விநாடிக்குள் 7 முறைக்கு மேல் அழுத்தினால் சிஸ்டம்டி காத்திருப்பைக் கைவிட்டு மறுதொடக்கம் செய்யும். அதுவும் பலிக்காவிட்டால் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் விசைகளைப் பிடித்தபடி எஸ், யு, ஓ என்று நிதானமாக ஒவ்வொன்றாகத் தட்டலாம். எஸ் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதும். யு வட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டும். ஓ மின்சாரத்தை நிறுத்தும். உபுண்டுவின் இயல்பான அமைப்பில் இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு.

பவர் பொத்தானை 4 விநாடி அழுத்திப் பிடிப்பது இவற்றுக்குப் பிறகுதான். ‘எக்ஸ்ட்4’ கோப்பு முறைமை தன் குறிப்பேட்டைக் கொண்டு பெரும்பாலான சேதத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். முடியாதபோது மறுநாள் காலையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற கறுப்புத் திரை வரும். அங்கே ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையால் வட்டைச் சீர்செய்தால் கணினி பெரும்பாலும் மீண்டுவிடும். இயங்குதளத்தை மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

மின்வெட்டு

2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டு யுபிஎஸ்ஸை ஆய்வகங்களின் அத்தியாவசியப் பொருளாக்கியது. யுஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ்ஸோடு ‘நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ்’ மென்பொருளைச் சேர்த்தால், பேட்டரி தீரும் முன் கணினி தானே அணையும். விலை குறைந்த யுபிஎஸ் பலவற்றில் அந்த இணைப்பு இல்லை. பீப் ஒலி கேட்டதும் ஆள்தான் அணைக்க வேண்டும். பேட்டரி தேய்ந்து ஒரு நிமிடம் மட்டுமே தாங்கும் யுபிஎஸ்ஸில், ஒரு சேவைக்காகக் கணினி காத்திருக்கும் 90 விநாடிக்குள் மின்சாரம் தீர்ந்து, எழுதிக்கொண்டிருந்த வட்டு பாதியில் நின்றுவிடும்.