எங்கள் கையிலுள்ள சான்றிதழ்கள்

நூற்றாண்டு மலர் ஒன்றிற் பாடசாலையின் வரலாற்றை அதிபர்கள், கட்டடங்கள், பரிசளிப்பு விழாக்கள் என்ற வரிசையில் எழுதுவது வழக்கம். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே வேறொரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். இணுவிலை விட்டு எங்கு போனாலும் பழைய மாணவியர் ஒவ்வொருவரும் கூடவே கொண்டுபோன ஒரு கடதாசியின் வரலாறு அது. அலுமாரியின் அடித்தட்டிலும் இடப்பெயர்வுப் பையிலும் விமானப் பயணப் பெட்டியிலும் பத்திரமாக இருந்த பரீட்சைச் சான்றிதழ்தான் அக்கடதாசி.

எங்கள் பாட்டிமார் காலத்திற் பெருமதிப்புப் பெற்ற சான்றிதழ்கள் கடல் கடந்து வந்தவை. கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் 1880 முதல் இலங்கையில் நடைபெற்றன. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து போய்த் திருத்தப்பட்டன. அங்கே தயாரித்த வினாத்தாளின் தரத்தை இங்கு எவரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்தப் பரீட்சையின் வாசல் ஆங்கிலம் படித்தோருக்கே திறந்தது. கிராமத்துத் தமிழ்ப் பாடசாலையிற் படித்த பிள்ளைக்கு அது எட்டாக்கனி.

அவ்வாசல் படிப்படியாகவே அகன்றது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்தது. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எஸ்.எஸ்.சி. என்று எங்கள் தாய்மார் சொன்ன சிரேஷ்ட பாடசாலைத் தராதரப் பத்திரத்தின் இடத்தை ஐம்பதுகளிற் கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரம் பிடித்தது. அறுபதுகளில் உயர்தரமும் வந்து சேர்ந்தது. தாய்மொழியில் விஞ்ஞானம் படித்துப் பரீட்சை எழுதலாம் என்ற நிலையும் இக்காலத்திலேயே உருவாயிற்று. சித்தியடைந்த பெண்பிள்ளைகளுக்கு ஆசிரிய கலாசாலை, தாதியர் பயிற்சி, எழுதுவினைஞர் உத்தியோகம் ஆகியன திறந்தன. ஒரு சான்றிதழால் ஒரு குடும்பமே நிமிர்ந்த கதைகள் எங்கள் ஊரிற் பல.

இச்சான்றிதழ் எதன் பலத்தில் நின்றது? வினாத்தாளை ஒருவர் ஆக்க மற்றவர் சரிபார்க்கிறார். விடைத்தாளிற் பெயர் இல்லை, சுட்டெண் மாத்திரமே உண்டு. எல்லாப் பரீட்சகரும் ஒரே புள்ளித்திட்டத்தைப் பின்பற்றுகின்றனர். அவர்கள் திருத்தியவற்றிற் சிலவற்றைப் பிரதம பரீட்சகர் மீண்டும் பார்க்கிறார். பெறுபேற்றில் ஐயமுள்ளவர் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் மோசடிகளைத் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. தர உறுதிப்பாடு என்று இன்று பெரிய பெயரிற் சொல்லப்படுவதன் வேர் இத்தகைய சிறிய ஒழுங்குகளிலேயே இருக்கிறது.

ஆயினும் ஒழுங்காகத் திருத்திய புள்ளியும் நியாயமாகப் பயன்படுத்தப்பட்டால் மாத்திரமே மதிப்புப் பெறும். எழுபதுகளின் தொடக்கத்திற் பொறியியற் பீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் வேண்டும் என்றானபோது அந்த நம்பிக்கை உடைந்தது. தொடர்ந்து தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளும் பயன்பெற்றனர் என்பதை மறுக்க முடியாது. யாழ்ப்பாணத்து வீடுகளிலோ படித்தும் பயனில்லை என்ற சொல் அன்றுதான் வேரூன்றியது. அதன் விளைவு பரீட்சை மண்டபத்தோடு நிற்கவில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியதால், துவிச்சக்கர வண்டியிற் போய்வரக்கூடிய திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகம் எங்கள் பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

அக்காலத்திலேயே இன்னொரு பெரிய சீர்திருத்தமும் நடந்தது. 1972இற் பாடத்திட்டம் மாற்றப்பட்டு, 1975இற் சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை நடத்தப்பட்டது. என்.சி.ஜி.ஈ. என்றே அதை எல்லோரும் அழைத்தோம். கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் எல்லோருக்கும் பொது. தொழில் முன்னிலைப் பாடங்களும் உண்டு. தோட்டத்தையும் தறியையும் வகுப்பறைக்குள் கொண்டுவரும் அந்த எண்ணம் நல்லதே. புகையிலையும் மரக்கறியும் விளையும் எங்கள் மண்ணுக்கு அது அந்நியமானதும் அல்ல. ஆனால் அதற்கேற்ற ஆசிரியரும் உபகரணமும் போதவில்லை. கைவேலை படிக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று பெற்றோரும் முகஞ் சுளித்தனர். 1977இல் ஆட்சி மாறியது. சீர்திருத்தம் வேர்பிடிக்குமுன்னரே பழைய க.பொ.த. திரும்பி வந்தது. இடையில் அகப்பட்ட சில ஆண்டுகளின் மாணவியர், தங்கள் சான்றிதழ் எதற்குச் சமம் என்பதைப் பின்னர் விளக்கவேண்டியவர்களாயினர்.

போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் எங்கள் தங்கைமார் படித்தனர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமமே வெறுமையாயிற்று. அந்த நிலையிலும் நாட்டின் மற்றப் பிள்ளைகள் எழுதிய அதே பரீட்சையையே எழுத வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். சலுகைச் சான்றிதழை அவர்கள் கேட்கவில்லை. உலகம் முழுவதும் ஏற்கும் சான்றிதழ்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டிலிருந்து உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாயின. ஒவ்வொரு பாடத்தின் சராசரியையும் நியம விலகலையும் கொண்டு கணிக்கும் இசட் புள்ளியும் வந்தது. கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே தராசில் நிறுக்க அது உதவுகிறது. ஆனால் தராசும் பிழைக்கலாம். 2011இற் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரை ஒன்றாகக் கணித்தது சரியல்ல என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. மாணவர் தட்டிக் கேட்டதால் அத்தீர்ப்புக் கிடைத்தது.

பல்கலைக்கழகத்துக்குப் போகாதவருக்கும் இன்று வழி உண்டு. தேசிய தொழிற் தகைமை, என்.வி.க்யூ., ஏழு மட்டங்களாக உள்ளது. தையலோ உணவு தயாரிப்போ தாதிமைப் பராமரிப்போ, செய்யத் தெரிந்ததைச் செய்துகாட்டி அத்தகைமையைப் பெறலாம். 2017இலிருந்து 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் பாடசாலைக்குள்ளேயே தொழிற்பிரிவைக் கொண்டுவந்தது. எழுபதுகளில் முகஞ் சுளித்து ஒதுக்கிய எண்ணமே, மேலே ஏறிச்செல்லும் ஏணியோடு மீண்டும் வந்திருக்கிறது. இம்முறை அது நிலைக்குமா என்பது அரசாங்கத்தின் கையில் மாத்திரம் இல்லை. தொழிற்பிரிவிற் சேரும் பிள்ளையைப் 'படிக்காதவள்' என்று நாம் சொல்லாதிருப்பதிலும் தங்கியிருக்கிறது.

ஆகவே, உலகெங்கும் வாழும் சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாகக் கட்டடத்துக்கு உதவுவது போலவே தொழிற்பிரிவுக்கு வேண்டிய கருவிகளுக்கும் பயிற்சியாளருக்கும் உதவுங்கள். உயர்தரத்திற் சித்தியடையாத தங்கைக்கு உங்கள் நாட்டில் என்.வி.க்யூ.வுக்கு உள்ள மதிப்பை விசாரித்து எழுதுங்கள். பழைய சான்றிதழ்களின் பிரதிகளையும் அனுப்பிவையுங்கள். கேம்பிரிட்ஜ், எஸ்.எஸ்.சி., என்.சி.ஜி.ஈ., க.பொ.த., என்.வி.க்யூ. எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டுவோம். எந்தப் பிள்ளையின் கடதாசியும் மற்றப் பிள்ளையினுடையதிலும் தாழ்ந்ததல்ல என்பதை அந்தச் சுவர் வரும் தலைமுறைக்குச் சொல்லட்டும்.