கண்டனம் என்றால் என்ன?

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் பட்டாபிஷேக முகூர்த்தம் நெருங்கிவிடவே, இராமபிரான் இங்கேயே முடிசூடிக் கொண்டார் என்பது ஊர் ஐதிகம். ஊரின் பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். கோதண்டராமர் கோயில் மண்டபத்தைப் பார்க்கும் சரித்திர மாணவனோ, "இது நாயக்கர் காலத்து வேலை" என்கிறான். உடனே பக்தர் ஒருவர், "ஐதிகத்தைக் கண்டிக்கிறாயா?" என்று சீறுகிறார். பாவம், அவன் யாரையும் வையவில்லை. கல்லின் வயதைச் சொன்னானே தவிர, பக்தியின் வயதைச் சொல்லவில்லை.

இந்தச் சண்டைக்குக் காரணம் 'கண்டனம்' என்ற சொல்தான். இன்று அதைக் கேட்டால் நமக்குக் கோபமும் வசவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வடமொழியில் அதற்குத் துண்டு துண்டாக உடைத்தல் என்று பொருள். உடைக்க வேண்டியது எதிரியின் வாதத்தை, மண்டையை அல்ல!

அப்படி உடைப்பதற்கு நம்மிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். பரபக்கத்தில் உலோகாயதன் முதலான பிற மதத்தாரின் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்கிறார், பிறகுதான் மறுக்கிறார். எதிரிக்குத்தான் முதல் பேச்சு! 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், இலக்கண விளக்கம் என்ற நூலை மறுத்து எழுதியதற்கு 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்றே பெயர் வைத்தார். பெயரில் காற்று பலமாக அடித்தாலும், உள்ளே நடப்பது சூத்திரங்களை எடுத்து வைத்துச் செய்யும் விசாரணைதான்.

19-ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூடங்கள் பெருகின; கண்டனப் பிரசுரங்களும் பெருகின. இராமலிங்க அடிகளின் பாடல்களை 'அருட்பா' எனலாமா என்று ஆறுமுக நாவலர் தரப்பினர் கிளப்பிய பூசலில், 1869-இல் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. அதே ஆண்டு விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. அந்தத் தலைப்பைப் பாருங்கள். 'மறுப்பு' இருக்கிறது, ஆனால் 'போலி' அதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து விட்டது. தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு!

பின்னால் வந்த நாம் விசாரணையையும் விட்டுவிட்டோம். கண்டனத் தீர்மானம், கண்டன ஊர்வலம், கண்டன அறிக்கை எல்லாம் உண்டு. ஆனால் பொய்யைத் திட்டினால் மட்டும் அது போய்விடுமா? அதன் வாதம் உடையாமல் அப்படியே இருக்கிறதே! அடுத்த முறை 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று பத்திரிகையில் படிக்கும்போது, இவர்கள் எதை உடைத்தார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.