கணிதமும் ஆளுமை வகைகளும்: 'எனக்குக் கணக்கு வராது' என்னும் எண்ணத்தின் வரலாறு

"எனக்குக் கணக்கு வராது" என்னும் கூற்று நம்மிடையே அடிக்கடி கேட்கப்படுவது. அதன் சொல்லமைப்பு கூர்ந்து நோக்கற்பாலது. 'நான் கணக்கைக் கற்கவில்லை' என்றோ, 'எனக்கு அது தக்கவாறு கற்பிக்கப்படவில்லை' என்றோ அது கூறுவதில்லை. கணக்கு என்பது சிலரிடம் தானாகவே வருவது, சிலரிடம் எவ்வாற்றானும் வராதது என்னும் கருத்தே அதனுள் அடங்கியுள்ளது. எழுத வாசிக்கத் தெரியாமையைச் சபையிலே கூற நாணுபவரும் கணக்கு வராமையைக் கூற நாணுவதில்லை. சில வேளைகளில் அதனைத் தம் ஆளுமையின் அடையாளமாகவே கூறிக்கொள்வர். கலையுள்ளம் ஒன்று, கணிதவுள்ளம் வேறொன்று, மனிதர் இவ்விரு வகையினராகவே பிறக்கின்றனர் என்னும் நம்பிக்கை இதன் அடியிலே கிடக்கின்றது. இந்நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆளுமை வகைகள் பற்றிய சிந்தனையும் கணித ஆற்றல் பற்றிய தன்மதிப்பீடும் கடந்த இரு நூற்றாண்டுகளில் மேனாட்டிலே எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுப்பும் புலனும்

கணித ஆற்றலை உடலிலே தேடிய முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குரியது. வியன்னாவிலும் பின்னர் பாரிஸிலும் வாழ்ந்த மருத்துவரான பிரான்ஸ் யோசப் கால், மனித உள்ளம் 27 தனித்தனி ஆற்றல்களால் ஆயதென்றும் ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூளையில் ஓர் உறுப்பு உண்டென்றும் கூறினார். எண்ணுணர்வும் அவற்றுள் ஒன்று. கண்ணின் வெளிக்கோடியை அடுத்த பகுதியைத் தடவிப் பார்த்து ஒருவரது கணக்குத் திறனைக் கூறிவிடலாம் என அவர் வழி வந்தோர் நம்பினர். இக்கபாலவியல் அறிஞரிடையே விரைவில் மதிப்பிழந்தது. ஆயினும், கணிதம் சிலருக்கே வாய்த்த தனியுறுப்பு என்னும் எண்ணம் அதனோடு மறையவில்லை.

சாள்ஸ் டார்வினின் வாழ்க்கைக் குறிப்பு இதற்குத் தக்க சான்றாகும். கேம்பிறிஜ் மாணவராயிருந்த அவர் 1828ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் வேல்ஸிலுள்ள பார்மத் என்னும் கடற்கரை ஊரிலே தனி ஆசிரியர் ஒருவரிடம் கணிதம் பயின்றார். பயிற்சி மெதுவாகவே நகர்ந்தது. அட்சரகணிதத்தின் தொடக்கப் படிகளில் எப்பொருளையுங் காண அவரால் இயலவில்லை, வெறுப்பே மிஞ்சியது. 1876இல் தம் வரலாற்றை எழுதிய முதிய டார்வின் இதனை நினைவுகூர்ந்து இரண்டு தீர்ப்புகளை வழங்குகின்றார். அன்று தாம் காட்டிய பொறுமையின்மை மூடத்தனமானது என்பது ஒன்று. கணிதம் அறிந்தோர் ஏனையோருக்கு இல்லாத ஒரு மேலதிகப் புலனை உடையவர் போலத் தோன்றுகின்றனர் என்பது மற்றொன்று. முன்னையது ஒருவர் செய்த செயலைப் பற்றியது. பின்னையது ஒருவரிடம் இயல்பாக உள்ளதைப் பற்றியது. செயலைத் திருத்தலாம், இல்லாத புலனை எவ்வாறு பெறுவது? இவ்விரு தீர்ப்புகளில் உலகம் பெரும்பாலும் இரண்டாவதையே பற்றிக்கொண்டது.

கணித அறிஞருள் இருவகையினர்

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே கூடிய அனைத்துலகக் கணித அறிஞர் மகாநாட்டில், பிரெஞ்சுக் கணித அறிஞரான ஆன்றி புவாங்காரே கணிதத்தில் உள்ளுணர்வும் தருக்கமும் வகிக்கும் இடம் பற்றி உரையாற்றினார். கணிதம் செய்வோருள் இருவகை உள்ளத்தினர் உளர் என்பது அவர் கருத்து. ஒரு சாரார் தருக்க வழியினர். கோட்டையை முற்றுகையிடும் படைத்தலைவன் போல ஒவ்வோர் அடியாக முன்னேறுபவர். மற்றைய சாரார் உள்ளுணர்வு வழியினர். முதற் பாய்ச்சலிலேயே தொலைவிலுள்ளதைக் கைப்பற்றுபவர். ஜேர்மானிய அறிஞருள் வையர்ஸ்ட்ராஸ் முதல் வகைக்கும் றீமன் இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டாவர். பிரான்சிலே பெர்த்ராண், ஏர்மிற் ஆகிய இருவரும் ஒரே பள்ளியில் ஒரே காலத்தில் ஒரே கல்வியைப் பெற்றவர். எனினும், பேசும்போது உருவங்களைக் கையால் வரைந்து காட்டுபவர் போல இடையறாது அசைபவர் பெர்த்ராண். புற உலகைக் காண விரும்பாதன போன்ற கண்களை உடையவர் ஏர்மிற். இவ்வேறுபாடு கல்வியால் வந்ததன்று, பிறவியிலேயே அமைந்தது என்று புவாங்காரே கருதினார்.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. புவாங்காரே கூறிய இருவகையினரும் கணித அறிஞரே. அவரது பாகுபாடு கணிதம் என்னும் வீட்டினுள் இருப்போரைப் பற்றியது. உள்ளே இருப்போரையும் வெளியே நிற்போரையும் பிரிப்பதன்று. தம்மைப் பற்றி அவர் 1908இல் கூறியதும் வியப்பிற்குரியது: பிழையின்றி ஒரு கூட்டற் கணக்கைச் செய்யத் தம்மால் முற்றாக இயலாதாம். அக்காலத்தின் தலைசிறந்த கணித அறிஞர் ஒருவர் இவ்வாறு கூறுவாராயின், கூட்டற் பிழையைக் கொண்டு தமக்குக் கணிதவுள்ளமே இல்லையென முடிவு கட்டும் மாணவர் நிலை என்ன?

கற்பித்தல் பற்றிய தம் கட்டுரையில் புவாங்காரே மேலும் ஒரு படி செல்கின்றார். ஒவ்வொரு படியும் சரியெனக் கண்டால் ஒருசார் மாணவர் நிறைவடைவர். இப்படிகள் ஏன் இந்த ஒழுங்கில் தொடர்கின்றன என்று அறியும்வரை மறுசாரார் அமைதியடையார். தமக்கு வேண்டியது யாதென இவர்கள் எடுத்துக்கூறவும் அறியார். ஏதோ ஒன்று குறைகின்றது என்று மட்டும் உணர்வர். எனவே, உள்ளத்தின் வகை என்பது அவர் நோக்கில் மாணவனுக்கு இடும் முத்திரையன்று. ஆசிரியனுக்கு விடுக்கும் கடமையாகும்.

யுங்கும் அட்சரகணிதமும்

ஆளுமை வகைகளைப் பற்றி இன்று பேசுவோர் யாவரும் சுவிற்சலாந்து உளவியலறிஞரான கார்ல் குஸ்ராவ் யுங்கிற்குக் கடன்பட்டவர். 1875இல் பிறந்த யுங், பாசல் நகர உயர்பள்ளியிலே கணித வகுப்பைப் பெரும் அச்சத்துடன் கழித்தவர் என்பது அவரது மறைவின் பின் 1962இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளால் தெரியவருகின்றது. எண்கள் மலர்களுமல்ல, விலங்குகளுமல்ல. அவை யாவை என்று எவரும் அவருக்குக் கூறவில்லை. ஓர் எழுத்து வேறோர் எழுத்துக்குச் சமம் என ஆசிரியர் எழுதியபோது, வேறானவை எவ்வாறு ஒன்றாகும் என்று சிறுவனின் உள்ளம் கிளர்ந்தது. சக மாணவர் யாவரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டதால் கேட்க அஞ்சி வாய்மூடியிருந்தான். கரும்பலகையில் எழுதப்பட்டவற்றைக் கட்புலன் நினைவினால் அவ்வாறே ஒப்புவித்துச் சமாளித்தான்.

இச்சிறுவனிடம் குறைந்தது யாது? அவன் கேட்க விரும்பியவை கணிதத்தின் அடிப்படை வினாக்களாகும். எண் என்பது யாது என்னும் வினாவைப் பிறேகே என்னும் ஜேர்மானிய அறிஞர் 1884இல் தனி நூலாகவே ஆராய்ந்துள்ளார். புவாங்காரே கூறிய இரண்டாஞ் சாரார்க்கு அண்மையில் வைக்கத்தக்க மாணவன் ஒருவன், முதலாஞ் சாரார்க்கென நடத்தப்பட்ட வகுப்பிலே அமர்ந்திருந்தான் என்று கொள்வதில் தவறில்லை. அவன் கொண்ட முடிவோ தனக்குக் கணிதம் கைவராது என்பதே.

இதே யுங் 1921இல் 'உளவியல் வகைகள்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அகமுகி, புறமுகி என்னும் இரு மனப்பாங்குகளும், சிந்தனை, உணர்ச்சி, புலனுணர்வு, உள்ளுணர்வு என்னும் நான்கு தொழிற்பாடுகளும் சேர்ந்து எட்டு வகைகள் அமைகின்றன. அந்நூலிற் காணப்படும் இரு செய்திகள் நமது பொருளுக்கு இன்றியமையாதன. முதலாவது, ஒருவரிடம் மேலோங்காத தொழிற்பாடு அவரிடம் இல்லாததன்று. வளர்ச்சி குன்றியிருப்பது மட்டுமே. இரண்டாவது, புறமுகச் சிந்தனை வகைக்கு யுங் காட்டும் சான்று டார்வின்; அகமுகச் சிந்தனைக்குக் காட்டுவது காண்ற். கணிதப் புலன் தமக்கில்லையென வருந்திய டார்வினே சிந்தனை வகையின் சான்றாளராக நிறுத்தப்படுகின்றார்! வகை வேறு, கணிதத்தைப் பற்றிய மனக்கலக்கம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வகைகள் மக்களிடையே பரவுதல்

யுங்கின் நூல் 1923இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதனை ஆர்வத்துடன் கற்ற அமெரிக்கரான கதரின் பிறிக்ஸும் அவர் மகள் இசபெல் மயேர்ஸும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அவ்வகைகளை ஒரு வினாக்கொத்தாக மாற்றத் தொடங்கினர். எட்டு வகைகள் பதினாறாயின. 1962இல் கல்விச் சோதனைச் சேவை நிறுவனம் அதனை ஆய்வுக் கருவியாக வெளியிட்டது. பின்னர் அது தொழிலகங்களிலும் கல்லூரிகளிலும் பெருவழக்குப் பெற்றது. இக்கருவி விருப்பினைக் காட்டுவதேயன்றித் திறனை அளப்பதன்று என்று அதனை ஆக்கியோரே வற்புறுத்தினர். மீண்டும் விடையளிக்கும்போது பலர் வேறு வகையினராகி விடுகின்றனர் என்றும், பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் இடையிலேயே நிற்கின்றனர் என்றும் உளவியலாளர் குறைகூறினர். எனினும், மக்கள் வழக்கில் விருப்பு திறனாகவும், திறன் விதியாகவும் திரிந்தன. 'நான் உணர்ச்சி வகையினன். ஆகவே கணக்கு எனக்குரியதன்று' என்று கூறுவது எளிதாயிற்று. காலின் உறுப்பு வேறொரு பெயருடன் மீண்டு வந்தது எனலாம்.

அச்சம் அளக்கப்படல்

இதற்கிடையே வேறொரு வழியிலும் ஆய்வு நடந்தது. கணிதத்தில் தோல்வியுறுவோரிடம் ஆற்றலைத் தேடாது அச்சத்தைத் தேடிய வழி அது. 1954இல் மேரி கஃப் என்னும் ஆசிரியை கணித வெருட்சி என்ற கருத்தை முன்வைத்தார். 1957இல் திறெகர், எயிக்கன் ஆகிய இருவரும் எண்பற்றிய பதகளிப்பு பொதுவான பதகளிப்பினின்றும் வேறானது என்றும், பொது நுண்ணறிவுடன் அதற்குத் தொடர்பில்லை என்றும் காட்டினர். 1972இல் றிச்சட்சன், சுயின் ஆகியோர் 98 வினாக்கள் கொண்ட அளவுகோலை அமைத்தனர்.

இவ்வச்சம் தனியாளின் குறை மட்டுமன்று, சமுதாயத்தின் ஆக்கமுமாகும் என்பதை வெளிப்படுத்தியவர் பெண்ணுரிமை நோக்குடைய ஆய்வாளரே. பேர்க்ளியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு 1972இல் புகுந்த மாணவரை லூசி செல்ஸ் ஆராய்ந்தார். உயர்பள்ளியில் நான்காண்டு கணிதம் பயின்றோர் ஆண்களுள் 57 வீதத்தினர். பெண்களுள் 8 வீதத்தினரே. அக்கல்வியின்றி நுண்கணிதத்துள் புக முடியாது; நுண்கணிதமின்றிப் பெரும்பாலான துறைகளின் கதவு திறவாது. பெண்ணின் 'இயல்பு' என்று கருதப்பட்டது உண்மையில் பதினான்கு, பதினைந்து வயதில் மூடப்பட்ட ஒரு கதவு. வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே 1975இல் கணித அச்சமுடையோர்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கிய ஷீலா தோபியஸ், 1978இல் வெளியிட்ட நூலில் இவ்வச்சத்தைப் போக்கும் வழிகளை விளக்கினார்.

பின்வந்த ஆய்வுகள் இதனை உறுதிசெய்தன. 1990இல் ஹெம்பிறீ 151 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, அச்சத்திற்கும் பொது நுண்ணறிவிற்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிதென்றும், அச்சம் தணிக்கப்பட்ட இடத்துப் பெறுபேறு உயர்ந்ததென்றும் கண்டார். அச்சம் கணிக்கும் வேளையில் மனத்தின் தற்காலிக நினைவைத் தான் கவர்ந்துகொள்கின்றது என்பது 2001இல் ஆஷ்கிறாஃப்ற், கேர்க் ஆகியோர் தந்த விளக்கம். 2012ஆம் ஆண்டின் பீசா ஆய்வில், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பைச் சேர்ந்த நாடுகளின் பதினைந்து வயதினருள் ஏறத்தாழ 59 வீதத்தினர் கணித வகுப்பு தமக்குக் கடினமாயிருக்கும் என அடிக்கடி கவலையுறுவதாகக் கூறினர். உயர்ந்த பெறுபேறு பெறும் ஜப்பான், கொரிய மாணவரிடத்தும் தம் ஆற்றல் பற்றிய நம்பிக்கை குறைவாகவே காணப்பட்டது. ஒருவர் தம் கணிதத் திறனைப் பற்றி எண்ணுவது அத்திறனின் நேரான நிழலன்று என்பது இவற்றால் பெறப்படும்.

முடிவுரை

மனிதரிடையே கணித ஆற்றலில் வேறுபாடே இல்லை என்பது நம் கருத்தன்று. எண்களைக் கையாளுவதில் பிறவியிலேயே இடர்ப்படுவோர் உளர். றீமனைப் போன்றோர் மிகச் சிலர். ஆனால், ஆளுமை வகை என்பது ஒருவர் கணிதத்துள் எவ்வாயிலால் நுழைவார் என்பதற்கே ஓரளவு விடை கூற வல்லது. நுழைவாரா மாட்டாரா என்பதற்கன்று. முதல் வினாவிற்குரிய விடையை இரண்டாம் வினாவிற்கு வழங்கியதே நாம் கண்ட வரலாற்றின் பிழை.

கலைப்பீடத்தார்க்கு இதனால் ஆவதென்ன? பொருளியல், புவியியல், சமூகவியல், மொழியியல் ஆகிய துறைகளில் எண்ணைத் தவிர்த்து நெடுந்தூரம் செல்லல் அரிது. விலைவாசியும் குடித்தொகையும் நிலவரியும் கணிக்கப்படாது பொருளாதார வரலாறு எழுதப்படமாட்டாது. அவற்றைத் தவிர்ப்பவர் ஒரு பாடத்தை மட்டுமன்றி, தம் துறையின் ஒரு பகுதியையே இழக்கின்றனர். மேலும், நம்முட் பலர் நாளை ஆசிரியராக வகுப்பறைக்குச் செல்வோர். 2010இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆரம்ப வகுப்புகளைச் சேர்ந்த 17 ஆசிரியைகளையும் அவர்தம் மாணவரையும் நோக்கியது. ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியையின் கணித அச்சத்திற்கும் மாணவியரின் பெறுபேற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆண்டிறுதியிலோ, ஆசிரியையின் அச்சம் மிகுந்த வகுப்புகளிலே கணிதம் ஆண்களுக்குரியது என்னும் எண்ணம் சிறுமியரிடம் மிகுந்து காணப்பட்டது. அவ்வெண்ணங் கொண்ட சிறுமியரின் பெறுபேறும் தாழ்ந்திருந்தது. அச்சம் வாய்மொழியாகக் கூறப்படாமலே ஒரே ஆண்டில் கைமாறிவிட்டது.

பாசல் நகர வகுப்பிலே வாய்மூடி அமர்ந்திருந்த சிறுவனைப் போன்றோர் நம் பள்ளிகளிலும் இருப்பர். அவர்களை நோக்கி 'உனக்குக் கணக்கு வராது' என்று கூறுமுன், அவர்கள் கேட்க விரும்பும் வினா யாது என்று வினவுதல் ஆசிரியர் கடனாகும்.