கோவிவன் என்றொரு நாய்



நம் ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்டவன் கருந்தேவகத்தி. கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. அதற்கெனத் தனி எழுத்து: கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். எத்தனையோ தளபதிகளுக்குக் கிடைக்காத மரியாதை இது!

நாயை இப்படி மதித்த ஓவியர் ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். பிரான்ஸ் மார்க், 1880இல் முனிச்சில் பிறந்தவர். நீலக் குதிரை, மஞ்சள் பசு என்று விலங்குகளாகவே வரைந்தவர். விலங்கின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியும் என்பதே அவர் கேள்வி. பனியில் தூங்கும் தம் நாய் ருஸ்ஸியை 1911 வாக்கில் வரைந்தார். படத்தின் தலைப்பில் மட்டும் பெயர் இல்லை, வெறும் 'நாய்'தான். அந்த வகையில் நம் கல்தச்சன் ஒரு படி மேல்.

மார்க் 1916இல் வெர்டூன் போர்க்களத்தில் இறந்தார். அவருடைய 'நீலக் குதிரைகளின் கோபுரம்' நாஜிகள் கையில் சிக்கி, 1945க்குப் பிறகு காணவே இல்லை.

செங்கம் நடுகற்களைத் தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. அதில் வராத கற்கள் இன்னும் வயல்வரப்பில் கிடக்கலாம். அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளே, கண்டால் சுண்ணாம்பு, பெயின்ட் அடிக்க விடாதீர்கள். எழுத்து அடைபட்டுப் போகும். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.