மணி அடிப்பதற்குள் ஒரு கட்டுரை

இலக்கியம் பேசும் அரங்கில் தேர்வுத்தாளைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. பள்ளியை முடித்த பிறகு கதையோ கட்டுரையோ எழுதாமலே வாழ்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ‘எழுதுவது’ என்றாலே நினைவுக்கு வருவது தேர்வுக்கூடம், சுவர்க்கடிகாரம், தாளின் மேற்பகுதியில் அச்சிட்ட நாலு வரி. அந்த நாலு வரியை நம் ஊரில் கட்டுரைத் தலைப்பு என்போம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பிராம்ப்ட் என்கிறார்கள். நான் கட்டுரை வினா என்றே சொல்கிறேன். அதை யார் எழுதினார்கள், எதை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதற்கு அமெரிக்காவில் ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே தேர்வு என்றால் பெரும்பாலும் வாய்மொழிதான். மாணவர் எழுந்து நிற்பார், கேள்விக்குப் பதில் சொல்வார். 1845இல் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இது மாறியது. ஹோரஸ் மன் என்ற கல்விச் சீர்திருத்தவாதியின் ஆதரவாளர்கள் அச்சடித்த வினாக்களைக் கொண்டுபோய், குறித்த நேரத்துக்குள் எழுதச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவு நேரம். ஆசிரியரின் செல்லப்பிள்ளைக்கு எளிய கேள்வியும் மற்றவர்களுக்குக் கடினமான கேள்வியும் போக வழியில்லை. நேரத்தை அளந்து எழுதச் சொல்வது இன்று நமக்குக் கொடுமையாகத் தெரியலாம். அன்று அது நியாயத்தின் பெயரால்தான் வந்தது.

ஆனால் பாஸ்டனில் கேட்டது பாடத்தில் உள்ள விவரங்களை. கட்டுரை எழுதச் சொன்னது ஹார்வர்ட். சார்லஸ் எலியட் அதன் தலைவராக இருந்த காலத்தில், 1874 முதல், சேர விரும்பும் மாணவர்கள் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை எழுத வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கான நூல்களை முன்கூட்டியே அறிவித்தார்கள். ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்கள், கோல்ட்ஸ்மித்தின் ஒரு நாவல், வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ போன்றவை அவை. தொடக்க ஆண்டுகளில் தேர்வெழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேறவில்லை. ஹார்வர்டின் ஆங்கிலப் பேராசிரியர் ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் போன்றவர்கள் பள்ளிகள் ஆங்கிலம் கற்றுத் தருவதில்லை என்று குறை சொன்னார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஹார்வர்ட் எந்த நூலைக் கேட்கிறதோ அந்த நூலைப் பள்ளிகள் நடத்தத் தொடங்கின. கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் வேறாக இருந்ததால் ஆசிரியர்கள் திணறினார்கள். 1890களில் கல்லூரிகள் கூடிப் பொதுப் பட்டியல் ஒன்றை உருவாக்கின. 1900இல் காலேஜ் போர்டு என்ற தேர்வு வாரியம் அமைந்தது. 1901 ஜூனில் அது நடத்திய முதல் தேர்வை எழுதியவர்கள் 973 பேர். பல்கலைக்கழகம் ஒன்று தன் வாசலில் வைத்த கேள்வி, அந்த வாசலையே பார்க்காத மாணவரின் வகுப்பறைக்குள்ளும் பாடத்திட்டமாக நுழைந்துவிட்டது. கட்டுரை வினா எழுதுபவர் ஒரு நாள் தேர்வுக்கு எழுதுவதாக நினைக்கிறார். அவர் எழுதுவது பள்ளிகளின் அடுத்த ஆண்டுப் பாடத்தை.

நூலைக் கேட்கும் வினாவில் ஓர் அநீதி இருந்தது. ‘ஐவன்ஹோ’ வீட்டு அலமாரியிலேயே இருந்த பிள்ளைக்கும், அந்தப் பெயரைத் தேர்வுப் பட்டியலில்தான் முதலில் பார்த்த பிள்ளைக்கும் கேள்வி ஒன்றுதான். ஆனால் தூரம் ஒன்றல்ல. படித்ததை ஒப்பிப்பதா, எழுதுவதா என்ற குழப்பமும் கூடவே இருந்தது.

இன்னொரு தலைவலி திருத்துவது. 1961இல் பால் டீடரிக்கும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆங்கில ஆசிரியர்களோடு அறிவியல் துறையினர், வழக்கறிஞர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வணிகத் துறையினர் என்று பலரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டுரையையும் ஒன்பது தரங்களில் ஏதாவது ஒன்றில் வைக்க வேண்டும். அளவுகோல் எதுவும் தரப்படவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. அதாவது ஒரே கட்டுரை ஒருவருக்கு ஆகச் சிறந்தது, இன்னொருவருக்கு ஆக மோசமானது. ஐந்துக்கும் குறைவான தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை.

இந்த ஐயம் அதற்கு முன்பே இருந்தது. 1926இல் எஸ்.ஏ.டி. என்ற, விடையைத் தெரிவுசெய்யும் தேர்வு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், காலேஜ் போர்டு தன் பழைய கட்டுரைத் தேர்வுகளை நிறுத்தியது. எழுத்துத் திறனைக்கூடச் சரியான விடைக்கு எதிரே குறியிட்டு அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஆசிரியர்கள் இதை ஏற்கவில்லை. தேர்வில் எழுதச் சொல்லாவிட்டால் வகுப்பிலும் எழுதச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். ஹார்வர்ட் பட்டியல் கற்றுத் தந்த பாடம்தான் இது, மறுபக்கத்திலிருந்து.

1966இல் வெளியான ஓர் ஆய்வு கட்டுரைக்கு மீண்டும் கதவைத் திறந்தது. காட்ஷாக், ஸ்வைன்ஃபோர்ட், காஃப்மன் மூவரும் 646 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆளுக்கு ஐந்து கட்டுரை எழுதவைத்தார்கள். சிலவற்றுக்கு 40 நிமிடம், சிலவற்றுக்கு 20 நிமிடம். ஒவ்வொரு கட்டுரையையும் ஐந்து பேர் படித்து, நின்று யோசிக்காமல், முழுமையாக ஒரு மதிப்பெண் போட்டார்கள். பல தலைப்பு, பல வாசகர் என்று வைத்தால் மதிப்பெண் நம்பத்தக்கதாக இருக்கிறது என்று கண்டார்கள். ஆனால் நடைமுறையில் பல தலைப்புக்குப் பணமும் நேரமும் கிடைப்பதில்லை. பெரும்பாலும் ஒரு மாணவருக்கு ஒரு தலைப்பு, இரண்டு வாசகர் என்று சுருங்கிவிட்டது. அப்படியானால் அந்த ஒரு தலைப்பு எவ்வளவு பாரத்தைச் சுமக்க வேண்டும்!

2005 மார்ச்சில் எஸ்.ஏ.டி. தேர்விலேயே கட்டுரை சேர்ந்தது. நேரம் 25 நிமிடம். இம்முறை நூல் பட்டியல் கிடையாது. யாருக்கும் முன்னறிவு தேவைப்படக்கூடாது என்பதற்காகப் பொதுவான ஒரு கருத்தைக் கொடுத்து, உன் நிலைப்பாடு என்ன என்று கேட்டார்கள். பழைய அநீதிக்கு இது நல்ல மருந்து என்றுதான் தோன்றியது. எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சித் துறையில் இருந்த லெஸ் பெரல்மன், வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார். நீளம் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடியிருந்தது. தகவல் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. எதுவும் தெரிந்திருக்க வேண்டாம் என்ற கேள்வி, எது சொன்னாலும் சரி என்ற பதிலில் போய் முடிந்தது. எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தும் நாலு உதாரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகப் பயிற்சி மையங்கள் கற்றுக்கொடுத்தன.

பொதுவான தலைப்பும் அத்தனை பொதுவானதல்ல. 2011 மார்ச்சில் ஒரு வினா, ‘ரியாலிட்டி’ தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்ப்பதால் மக்களுக்குப் பயன் உண்டா என்று கேட்டது. அவற்றைப் பார்த்தே இராத மாணவர்கள் கொதித்தார்கள். தேவையான விளக்கம் வினாவிலேயே இருக்கிறது என்றது வாரியம். அது உண்மைதான். ஆனால் விளக்கம் படித்துத் தெரிந்துகொள்பவரும், உதாரணங்கள் ஏற்கெனவே நாக்கு நுனியில் இருப்பவரும் 25 நிமிடத்தில் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. 1874இல் ‘ஐவன்ஹோ’ இருந்த இடத்தில் தொலைக்காட்சி வந்து உட்கார்ந்திருந்தது.

யாரையும் புண்படுத்தாத தலைப்பைத் தேடுவதும் ஓர் ஆபத்து. நியூயார்க் மாநிலத்தின் ரீஜண்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில், இலக்கியப் பகுதிகளைக் கொடுத்து அவற்றை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். மாணவர் ஒருவரின் தாய் அப்பகுதிகளை மூல நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இனம், மதம், மது என்று சங்கடம் தரக்கூடிய சொற்களைச் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கியிருந்தார்கள். ஐசக் பாஷவிஸ் சிங்கரின் எழுத்திலிருந்து யூதர்கள் பற்றிய குறிப்புகளையே எடுத்துவிட்டிருந்தார்கள். 2002இல் இது செய்தியாகி, மாநிலக் கல்வித்துறை அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. சிங்கரிடமிருந்து யூதர்களை எடுத்துவிட்டால் மாணவர் எதைப் பற்றி எழுதுவார்?

மூன்றாவது வழி ஒன்று இந்த எல்லாக் காலத்திலும் ஓரமாக வளர்ந்து வந்தது. 1973இல் ஏ.பி. அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் ஆவணங்களைக் கையில் கொடுத்து, அவற்றிலிருந்து வாதத்தைக் கட்டச் சொல்லும் வினா அறிமுகமானது. எஸ்.ஏ.டி. கட்டுரையும் 2016இல் அப்பக்கம் திரும்பியது. 50 நிமிடம், ஒரு கட்டுரையைக் கொடுத்து, அதன் ஆசிரியர் எப்படி வாதிடுகிறார் என்று ஆராயச் சொன்னது. முன்பைவிட நேர்மையான கேள்வி அது. ஆனால் அது விருப்பத் தேர்வாகிவிட்டிருந்தது. கல்லூரிகள் ஒவ்வொன்றாக அதைக் கேட்பதை நிறுத்தின. 2021 ஜனவரியில் அதைக் கைவிடுவதாகக் காலேஜ் போர்டு அறிவித்தது.

இந்த வரலாற்றில் கெட்ட நோக்கத்தோடு வினா எழுதியவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் முந்தையவர் செய்த அநியாயத்தைத் திருத்தவே வந்தார்கள். அவர்கள் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். தாளைப் பிரிக்கும் மாணவரிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்குமா என்று வினா எழுதுபவர் கேட்டுக்கொள்ளவில்லை, அல்லது இருக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். லியோ ரூத், சாண்ட்ரா மர்ஃபி இருவரும் 1988இல் எழுத்துத் தேர்வு வினாக்களைப் பற்றி எழுதிய நூலில், வினாவும் வாசிக்கப்படும் ஒரு பிரதிதான் என்ற கோணத்திலிருந்து பார்க்கிறார்கள். எழுதியவர் நினைத்த பொருளும் மாணவர் எடுத்துக்கொள்ளும் பொருளும் வேறாகலாம். அப்போது நாம் திருத்துவது, நாம் கேட்காத கேள்விக்கான பதிலை.

இங்கே புலம்பெயர் தமிழ்ப் பள்ளிகளில் வினாத்தாள் தயாரிப்பவர்களும் இருப்பீர்கள். ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்ற தலைப்பு நமக்கு எளிது. நியூ ஜெர்சியிலோ டொராண்டோவிலோ பிறந்த பிள்ளைக்கு அதில் ஊரும் இல்லை, திருவிழாவும் இல்லை. அவர் இணையத்தில் படித்த தேரையும் ராட்டினத்தையும் எழுதிவைப்பார், நாமும் முழு மதிப்பெண் போடுவோம். அதைவிட, தாத்தாவின் கடிதம் ஒன்றையோ ஒரு பழைய செய்தித்தாள் துண்டையோ கொடுத்து, ‘இதில் எதை நம்புகிறாய், எதை நம்பவில்லை, ஏன்?’ என்று கேட்கலாம். கையில் ஒரு பொருள் இருக்கிறது. கருத்து அவருடையது. படிக்க ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். தாளை அச்சிடும் முன், நீங்களே கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த வினாவுக்கு ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளையை நினைத்துக்கொண்டு வினாவை இன்னொரு தடவை வாசியுங்கள்.